தவழாத பிள்ளையும் வருகைப் பருவமும்

(வெள்ளிக்கிழமைப் பூசையின் பின் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எல்லாம் வல்ல முருகப்பெருமானின் திருவருளை முன்னிட்டு இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் மும்மலமும் அல்ல, முத்தி நிலையும் அல்ல. நமது வீட்டுத் தரையிலே நடக்கின்ற காரியம். தவழ வேண்டிய வயதில் தவழாமல், இருந்தபடியே பிட்டத்தால் அரக்கி அரக்கி நகருகின்ற பிள்ளையைப் பற்றியும், அதைப் பார்த்து இரவில் நித்திரை கொள்ளாத தாய் தகப்பனைப் பற்றியும் பேசப்போகிறேன். இதற்கும் சமயத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கக்கூடும். கடவுளையே மடியில் வைத்துப் பிள்ளைத்தமிழ் பாடிய சமயம் நம்முடையது. ஆகவே தொடர்பு உண்டு.

இந்தக் கவலை பெரும்பாலும் எங்கே தொடங்குகிறது தெரியுமா? பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கிலேதான். பிளேஸ்டோவிலே ஒரு மண்டபம் எடுத்து, உற்றார் உறவினரை அழைத்து, வெள்ளைத் துணி விரித்துப் பிள்ளையை நடுவே இருத்துகிறோம். முன்னாலே புத்தகம், பேனை, நகை எல்லாம் பரப்பியாயிற்று. சென்ற மாதம் இதே மண்டபத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளை பாய்ந்து தவழ்ந்து போய்ப் பேனையை எடுத்தது. நம் பிள்ளையோ ஒரு கையைத் தரையில் ஊன்றி, கால்களை முன்னே வீசி, இருந்த இருப்பிலேயே குதித்துக் குதித்துப் போகிறது. முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு யாரோ ஒரு மாமி மெல்லக் கேட்பார்: "இதென்ன பிள்ளை, சப்பாணி மாதிரி?" அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆனால் அந்தச் சொல் தாயின் நெஞ்சிலே தைத்துவிடும். அன்றிரவே யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மாவின் தொலைபேசி: "பிள்ளை இன்னும் தவழேல்லையோ?"

சப்பாணி என்ற சொல்லைச் சற்று நின்று பார்ப்போம். பேச்சு வழக்கிலே அது நடக்க இயலாதவரைக் குறிக்கும். பிள்ளைத்தமிழிலே அது ஒரு பருவத்தின் பெயர். குழந்தை நிமிர்ந்திருந்து இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. "சப்பாணி கொட்டுக" என்று முருகனையும் மீனாட்சியையும் கண்ணனையும் நம் புலவர்கள் வேண்டிக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே அடுத்த முறை யாரும் அப்படிச் சொன்னால் தாய்மார் அழ வேண்டியதில்லை. "ஓம் மாமி, ஒன்பதாம் மாதம், சப்பாணிப் பருவந்தான்" என்று சொல்லிவிடலாம்.

பிள்ளைத்தமிழில் பருவங்கள் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது. கடைசி மூன்றும் வேறுபடும். மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களிலே இவற்றைப் பாடுவது ஒரு மரபு. ஐந்தாம் மாதச் செங்கீரையைப் பாருங்கள்: ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்திக் குழந்தை அசைந்தாடுவது. பிள்ளையைப் பக்கத்திலிருந்து நாள்தோறும் பார்த்தவர்கள்தான் இப்படிச் சொல்ல முடியும்.

இந்தப் பத்திலே தவழ்தல் என்று ஒரு பருவம் இல்லை. புலவர்கள் தவழ்தலைப் பாடாமல் விட்டார்கள் என்பதல்ல. பெரியாழ்வார் புழுதியிலே தவழும் கண்ணனைப் பாடியிருக்கிறார், தளர்நடைக்கென்று தனியாக ஒரு பதிகமும் பாடியிருக்கிறார். அவருடைய பாடல்களிலே அம்புலி முன்னே வருகிறது, செங்கீரை பின்னே வருகிறது! பின்னாளில் இலக்கணம் சொன்ன வரிசையும் ஆழ்வார் பாடிய வரிசையும் ஒன்றல்ல. பருவங்களை எழுதி வைத்த நம் முன்னோரிடமே இவ்வளவு நெகிழ்ச்சி இருந்தது. சப்பாணிக்கும் முத்தத்துக்கும் பிறகு, பதின்மூன்றாம் மாத அளவிலே, தாய் சொல்வது ஒரே சொல்: வருக. எப்படி வர வேண்டும் என்று அவள் சொல்வதில்லை. தவழ்ந்து வா, உருண்டு வா, அரக்கி வா என்று விதிப்பதில்லை. கையை நீட்டி அழைக்கிறாள், கண்ணெடுக்காமல் பார்த்திருக்கிறாள்.

வருகைப் பருவம் பாடியவர்களுள் தலைசிறந்தவர் குமரகுருபர சுவாமிகள். பதினேழாம் நூற்றாண்டிலே, தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்திலே, சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் பிறந்தவர். ஐந்து வயது வரை அவர் பேசவில்லை என்பது வரலாறு. கவிராயர் வீட்டிலே வாய் பேசாத பிள்ளை! ஊர் என்னென்ன சொல்லியிருக்கும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. பெற்றோர் பிள்ளையை வீட்டுக்குள்ளே மறைத்து வைக்கவில்லை. திருச்செந்தூருக்குக் கொண்டுசென்று செந்திலாண்டவன் சந்நிதியிலே தவங்கிடந்தார்கள். முருகன் அருளால் வாய் திறந்த பிள்ளை கந்தர் கலிவெண்பாவைப் பாடிற்று என்பது நாம் போற்றும் செய்தி. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் புள்ளிருக்குவேளூர் முத்துக்குமாரசுவாமிக்கும் மதுரை மீனாட்சிக்கும் பிள்ளைத்தமிழ் பாடியது. திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேறியபோது, வருகைப் பருவத்துப் பாடலுக்குப் பொருள் சொல்லுகையில் அம்மையே சிறுமியாக வந்து, அரசர் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்கு அணிவித்தாள் என்பார்கள். பருவம் தப்பியது என்று ஊர் சொன்ன பிள்ளை, தெய்வத்தின் பருவங்களைப் பாடியது.

இதைக் கேட்டுவிட்டு, "சரி, முருகன் பார்த்துக்கொள்வான், நாங்கள் சும்மா இருப்போம்" என்று யாரும் எழுந்து போய்விடாதீர்கள். அந்தப் பெற்றோர் சும்மா இருக்கவில்லை என்பதே என் பேச்சு. அவர்கள் அறிந்த கதி திருச்செந்தூர், போனார்கள். நமக்குக் கோயிலும் இருக்கிறது, குடும்ப வைத்தியரும் இருக்கிறார். ஒன்றுக்குப் போவது மற்றதன்மேல் நம்பிக்கைக் குறைவு ஆகாது.

வைத்திய உலகம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் குழந்தைகளைக் கவனித்து 2006ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. அதிலே 100க்கு ஏறத்தாழ 4 குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவேயில்லை. அவையெல்லாம் நோயுள்ள பிள்ளைகள் அல்ல. நலமான பிள்ளைகளைத் தெரிந்தெடுத்துச் செய்த ஆய்வு அது. தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8 மாதம் முதல் 17½ மாதம் வரை பரந்து கிடந்தது. 2022இல் அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் குழந்தை வளர்ச்சி அட்டவணையிலிருந்து தவழ்தலையே எடுத்துவிட்டது. நம் முன்னோர் பருவப் பட்டியலில் சேர்க்காததை அவர்கள் இப்போது நீக்கியிருக்கிறார்கள். நான் இதற்குமேல் பெருமை பேசவில்லை.

இருந்தபடியே நகரும் பிள்ளைகளுக்கென்று சில குணங்கள் உண்டு. குப்புறக் கிடத்தினால் பிடிக்காது, அழும். கக்கத்தில் பிடித்துத் தூக்கி நிறுத்தப் பார்த்தால், காலை நிலத்தில் ஊன்றாமல், ஆகாயத்திலே கதிரை போட்டு இருப்பதுபோல் முன்னே நீட்டிக்கொள்ளும். பல குடும்பங்களில் இது பரம்பரையாகவே வரும். அப்பம்மாவைக் கேட்டுப் பாருங்கள். "உன்ர கொப்பனும் இப்படித்தான் அரக்கித் திரிஞ்சவன்" என்று சொல்லக்கூடும். இப்பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பிந்தியே நடப்பார்கள். ஒன்றரை வயது தாண்டி, சிலர் இரண்டு வயதை அண்டியே எழுந்து நடப்பதுண்டு.

ஆனால் "பிந்தி நடக்கும், விடுங்கள்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதும் ஆபத்து. எட்டு மாதமாகியும் துணையின்றி இருக்க முடியாவிட்டால், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்து மற்றக் கையை மறந்திருந்தால், நகரும்போது எப்போதும் ஒரு பக்கத்துக் கால் மட்டும் இழுபட்டால், உடம்பு மிக விறைப்பாகவோ துவண்டோ இருந்தால், 18 மாதமாகியும் நடக்காவிட்டால், குடும்ப வைத்தியரிடம் போகவே வேண்டும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மாதங்களைக் கணக்கிட வேண்டும். முன்பு செய்த ஒன்றைப் பிள்ளை இப்போது செய்யாமல் விட்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. இடுப்பு மூட்டு, தசை, நரம்பு ஆகியவற்றை வைத்தியர் பார்ப்பார். 18 மாதத்தில் நடக்காத ஆண்பிள்ளைக்குத் தசைநோய் உண்டா என்றறிய சீ.கே. என்ற இரத்தப் பரிசோதனை செய்வதுண்டு. அதைக் கேட்டுப் பெறத் தயங்காதீர்கள். அரக்கி நகரும் பிள்ளைக்கும் இந்த 18 மாதக் கணக்குப் பொருந்தும். பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்னால் நிம்மதியோடு காத்திருக்கலாம்.

இன்னொன்று நம்மவர்க்கே உரியது. நிறம் கறுத்த மேனிக்கு இந்நாட்டு வெயில் போதாது. வைட்டமின் டி குறைந்தால் எலும்பு மெலிந்து நடை பிந்தும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குப் பிறந்த நாள் முதல் தினமும் 8.5 முதல் 10 மைக்ரோகிராம், ஒரு வயதுக்கு மேல் நான்கு வயது வரை 10 மைக்ரோகிராம் கொடுக்கும்படி இங்குள்ள சுகாதாரத்துறை சொல்கிறது. "ஊரிலே யார் சொட்டு மருந்து கொடுத்தார்கள்?" என்பது வாதமல்ல. ஊரிலே முற்றத்தில் வெயில் இருந்தது.

ஊரிலே நடைவண்டியும் இருந்தது. மூன்று சில்லு மரவண்டி. எழுந்து நிற்கப் பழகிய பிள்ளை பின்னாலே பிடித்துத் தள்ளிக்கொண்டு போகும். அதை நினைத்துக்கொண்டு இங்கே பலர் நடுவிலே பிள்ளையை இருத்தும் சில்லு வாக்கரை வாங்குகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. வாக்கர் நடக்கக் கற்பிப்பதில்லை, நுனிக்காலில் தள்ளப் பழக்கிவிடும், மாடிப்படியிலே கவிழ்ந்து விபத்தும் உண்டாக்கும். கனடா நாடு 2004இல் அதைத் தடையே செய்துவிட்டது. அதற்குப் பதிலாகப் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் உங்கள் நெஞ்சின்மேல் குப்புறக் கிடத்துங்கள். 1991 முதல் இந்நாட்டில் குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்கிறார்கள். தொட்டில் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன, ஆகவே நித்திரையில் மல்லாக்கத்தான். விழிப்பிலே குப்புற. வீட்டுக்குள் வெறுங்காலாக விடுங்கள். பதிவான சோபாவின் மேலே விருப்பமான பொருளை வைத்து, "வா" என்று கூப்பிடுங்கள்.

சிலர் சாதகத்தோடு வருகிறார்கள். சனி பார்வையா, பிதிர் தோஷமா என்று. எள்ளெண்ணெய் விளக்கேற்றுங்கள், நான் தடுக்கவில்லை. சனைச்சரன் என்ற பெயருக்கே மெல்லச் செல்பவன் என்றுதான் பொருள். அவரே ஒரு சுற்று வர ஏறக்குறைய முப்பது வருடம் எடுக்கிறார், மெல்ல நகர்பவர்மேல் அவருக்கென்ன கோபம்? பிள்ளையின் நடையைத் தாயின் வினை என்று சொல்வதை மட்டும் சபையிலே நிறுத்த வேண்டும். கருவுற்றிருந்தபோது அதைச் சாப்பிட்டாள், இதைப் பார்த்தாள் என்ற பேச்சாலே, வைத்தியரிடம் காட்டவே வெட்கப்பட்டு மாதங்களைக் கடத்தும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. "வெளியிலே தெரிந்தால் நாளைக்குப் பிள்ளையின் வாழ்க்கை என்னாகும்?" என்கிறார்கள். சிகிச்சை தேவைப்படும் பிள்ளைக்கு இழந்த அந்த மாதங்கள் திரும்பக் கிடைப்பதில்லை.

சில பிள்ளைகள் நடக்காமலே போவதும் உண்டு. அவர்களை விட்டுவிட்டுப் பேசினால் இது அரைப்பேச்சு. கயிலைமலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையாலே சென்றவர் காரைக்கால் அம்மையார். உமாதேவியார் வியந்து கேட்டபோது, இவள் நமக்குத் தாய் என்று இறைவன் சொன்னதாகச் சேக்கிழார் பாடுகிறார். ஏன் காலால் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. அறுபத்துமூவர் வரிசையிலே மற்ற அடியார்கள் நிற்க, அம்மையார் ஒருவர் மட்டும் இருந்த கோலத்தில் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். நாமும் நேர்த்தி வைத்துப் பிரகாரத்தில் உருண்டு வருகிறோம். அதை யாரும் குறை என்பதில்லை. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குச் சந்நிதியின் முன்னே இடம் விடும்போது மட்டும் ஏன் முணுமுணுப்பு?

இங்கே கிளென் ரோட்டிலுள்ள நியூஹாம் பல்கலைக்கழக வைத்தியசாலையில் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் பிறந்திருக்கிறார்கள். பிறந்ததும் கையில் கிடைத்த சிவப்புப் புத்தகத்தை அலுமாரியில் பூட்டி வைக்காமல், பிள்ளை எந்த மாதம் என்ன செய்தது என்று தமிழிலாவது குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்கு முன்னும் இரண்டு வயது கடந்தும் ஹெல்த் விசிட்டர் பார்க்கும் தவணைகளைத் தவறவிடாதீர்கள். பிள்ளை நகரும் விதத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக் காட்டினால், வைத்தியருக்கு நீங்கள் ஆங்கிலத்தில் விளக்கத் திணற வேண்டியதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசைக்குச் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். மண்டபத்திலே கம்பளம் விரித்திருக்கும். தவழ்பவர் தவழட்டும், அரக்குபவர் அரக்கட்டும். அரக்கும் பிள்ளைகளின் தாய்மார் மாற்றுக் காற்சட்டை இரண்டு மேலதிகமாகக் கொண்டுவருவது நல்லது. பின்பக்கம் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது.