எங்கே நின்று எடுத்த படம்?

கமரா பொய் சொல்லாது என்பது பலரது நம்பிக்கை. நெடுவில்லை பொய் சொல்லும் என்பது அதற்கு எதிர்க்கட்சி. இரண்டுமே கருவியைக் கூண்டில் ஏற்றிவிட்டு மனிதனைத் தப்பவிடுகின்றன.

2020 ஏப்ரலில், கொரோனா உலகை முடக்கியிருந்த நாட்களில், டென்மார்க்கின் ரிட்சாவ் ஸ்கான்பிக்ஸ் என்னும் செய்திப்பட நிறுவனத்தின் படப்பிடிப்பாளர் இருவர் கோபன்ஹேகனில் ஒரே மனிதரை இருவகை வில்லைகளால் படமெடுத்து வெளியிட்டனர். நெடுவில்லைப் படத்தில் மக்கள் தோளோடு தோள் உரசி நிற்பதுபோல் தோன்றினர். அகலவில்லைப் படத்தில் அதே மக்களிடையே தாராளமான இடைவெளி இருந்தது. முதற்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'கட்டுப்பாடற்ற கூட்டம்' என்று தீர்ப்பு எழுதிவிடலாம். பொலிஸ் தடி ஏழைகளின் தெருவுக்கே முதலில் வருகின்ற நாடுகளில் அது சிறு விஷயமன்று.

இது வில்லையின் வேலை என்பர். கணக்கு வேறு சொல்கிறது. மட்டக்களப்பு வாவியில் ஒரேயளவான இரு தோணிகள், ஐந்து மீற்றர் இடைவெளியில், முன்பின்னாக நிற்பதாகக் கொள்வோம். முன்தோணிக்கு 5 மீற்றர் தூரத்தில் நாம் நின்றால், பின்தோணி 10 மீற்றரில் இருக்கும், பாதியளவாகத் தெரியும். 50 மீற்றருக்குப் பின்வாங்கினால் மற்றது 55 மீற்றரில். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒட்டி நிற்பன போன்ற தோற்றம். நின்ற இடம் மாறாதவரை, குவியத்தூரம் 24 மில்லிமீற்றராயினும் 200 மில்லிமீற்றராயினும் இவ்விகிதம் மாறாது. நெடுவில்லை, காட்சியின் ஒரு சிறு பகுதியை வெட்டிப் பெருப்பிக்கிறது, அவ்வளவே. தோணிகளை நெருக்கியது நமது கால்.

ஆகவே விசாரிக்கப்பட வேண்டியவர் நின்றவரே. கல்லடியில், பழைய இரும்புப் பாலத்துக்கருகே 2013 இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. பாலத்தின் மேலிருந்து, அந்திவெயிலில் வீச்சுவலை எறியும் மீனவரை நெடுவில்லையால் பிடித்தால் அழகான நிழலுருவம் கிடைக்கும். அவர் நம்மைக் காணார், "ஏன் தம்பி எடுக்கிறாய்?" என்று கேட்கவும் மாட்டார். அகலவில்லையோடு செல்பவனோ நீரில் இறங்கியாக வேண்டும். அப்போது அவரது கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். வலையில் மீன் எவ்வளவு என்பதும் கண்ணில் படும்.

அருகே செல்வதே அறம் என்று கட்சி கட்டவும் முடியவில்லை. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடிக் கரைகளை அழித்தது. அத்தகைய நாளில் பிள்ளையை இழந்த தாயின் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் கமராவை நீட்டுவது, தூரத்து நிழலுருவத்தைவிடக் கொடியது. அங்கே விலகி நிற்பதே மரியாதை. எவ்வளவு தூரம் என்பதை எந்தச் சூத்திரமும் தராது. எதிரே நிற்பவரின் நிலைமைதான் தர முடியும். (சூத்திரம் கேட்பது எங்கள் ஆசிரியத் தொழிலின் பழைய நோய்!)

பாடசாலைச் சுவர்ப்பத்திரிகைகளில் இன்று கைத்தொலைபேசிப் படங்கள் நிறைய இடம்பெறுகின்றன. எடுத்தவர் பெயருக்குக் கீழே, எங்கே நின்று, எத்தனை அடி தூரத்திலிருந்து, படத்திலுள்ளவர் அறிந்தா அறியாமலா எடுக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதும் வழக்கத்தை மாணவரிடையே தொடங்கிப் பார்க்கலாம். செய்தித்தாள்களிடம் அதைக் கேட்பது பிறகு எளிதாகும்.