தனிமனித இலச்சினையும் அறப்பொறுப்பும்: நீல்ஸ் போரின் மரபுச்சின்னத்தை முன்வைத்து

ஐரோப்பிய மரபில் கேடயத்தின்மீது பொறிக்கப்பெறும் சின்னம், முகம் மறைத்த வீரனைக் களத்தில் இன்னான் என அறியப் பயன்பட்டது. பின்னர்த் தந்தைவழி மகனுக்கு உரியதாயிற்று. தமிழ் மூவேந்தரின் வில், கயல், புலி ஆகியனவும் குடிக்கு உரியனவேயன்றி ஒருவர் தாமே தேர்ந்துகொண்டவை அல்ல. பிறப்பால் வந்த சின்னத்தைத் தாங்குவோர் அதன் பொருளுக்குப் பொறுப்பேற்க வேண்டுவதில்லை. தாமே தேர்ந்துகொள்வோரின் நிலை வேறு. அவர்தம் சின்னம் தம்மைப் பற்றிய கூற்றாகிவிடுகிறது. கூற்றெனின் அது மெய்யா என வினவ இடமுண்டு.

டென்மார்க் இயற்பியலறிஞர் நீல்ஸ் போர் (1885–1962) இதற்குத் தக்க சான்று. அந்நாட்டின் மிக உயர்ந்த சிறப்பாகிய யானை விருது 1947இல் அவருக்கு வழங்கப்பெற்றது. பெரும்பாலும் அரச குடும்பத்தார்க்கும் நாட்டுத் தலைவர்க்கும் உரியது அது. பெறுவோரின் சின்னம் ஃபிரெடரிக்ஸ்போர் அரண்மனைத் தேவாலயத்தில் இடம்பெறும். நீல்ஸ் போர் தம் கேடயத்திற்குத் தேர்ந்தது சிங்கமோ கழுகோ அன்று. சீனரின் யின்-யாங் வட்டம். உடன் அமைந்த இலத்தீன் தொடர், முரண்பட்டவை ஒன்றையொன்று நிறைவுசெய்வன என்னும் பொருளது. 1927இல் இத்தாலியின் கோமோ நகரில் அவர் முன்வைத்த நிரப்புக் கோட்பாட்டின் சுருக்கம் இது.

எனினும் சின்னமும் கோட்பாடும் முழுதும் பொருந்துகின்றன எனல் இயலாது. யின் தேய யாங் வளரும். ஒன்றனுள் மற்றதன் புள்ளி உண்டு. அலை, துகள் என்னும் இரு விளக்கங்களோ வெவ்வேறு சோதனை அமைப்புகளில் வெளிப்படுவன. ஒரே அமைப்பில் இரண்டும் முழுமையாகத் தோன்றாமையால் அவை மோதுவதில்லை. அறவாழ்வில் இத்தகைய வசதி இல்லை. அங்கு ஒரே மனிதர், ஒரே செயலுக்காக, இரு தரப்புக்கும் விடை கூறியாக வேண்டும்.

நீல்ஸ் போர் 1943இல் நாசிப் படையினர் பிடியிலிருந்த தாயகத்தைவிட்டுத் தப்பி, பின் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்திற்கு ஆலோசனை வழங்கினார். அதே மனிதர் 1944இல் சர்ச்சிலையும் ரூஸ்வெல்ட்டையும் தனித்தனியே கண்டு, அணு ஆற்றல் குறித்து நாடுகளிடையே ஒளிவின்மை வேண்டும் என வாதிட்டார். முரண்கள் நிறைவுசெய்வன என்னும் தொடரை இவ்விடத்து ஓதினால் அது எளிய சாக்குப்போக்காகும்; கொலைக்கருவியும் அமைதி வேண்டலும் ஒரே வட்டத்தின் இரு பாதிகள் எனச் சொல்லி எவரும் தப்பிக்கொள்ளலாம். நீல்ஸ் போரை அவ்வாறு குறைகூறுவது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. ஹிரோஷிமாவுக்கு ஓராண்டு முன்பே அவர் பேசினார் என்பதால், அது செயல் முடிந்தபின் தோன்றிய கழிவிரக்கம் அன்று. செவிசாய்க்காத அவ்விரு தலைவரும் அவ்வாண்டு செப்டம்பரில் அவரையே ஐயுற்று, அவர்தம் நடவடிக்கைகளை விசாரிக்க உடன்பட்டனர். ஆகவே அவர் வட்டத்தின் ஒரு பாதியில் மட்டும் பாதுகாப்பாக நின்றவரல்லர். இயற்பியலுக்குச் சற்றே பொருந்தாத அப்புள்ளி, அவர் வாழ்வுக்குப் பொருந்துவது இங்குத்தான்.

சின்னம் ஏற்ற பின்னும் அவ்வாதம் ஓயவில்லை. 1950இல் ஐக்கிய நாடுகள் அவைக்கு அவர் எழுதிய திறந்த மடல் அதே வேண்டுகோளை மீண்டும் எழுப்பியது.