கணினியின் மௌனமும் கூறுவோன் கடனும்

அறிந்தவற்றையெல்லாம் கூறிவிடுதல்தான் வாய்மையா? கேட்போன் நலங்கருதிச் சிலவற்றைக் கூறாதொழிதல் வஞ்சனையா? அறவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினாக்கள் இன்று கணினிப் பொறியியலாளரின் மேசைக்கும் வந்து சேர்ந்துள்ளன. ஆளியை அழுத்தியது முதல் கணினி பயன்பாட்டுக்கு ஆயத்தமாகும் வரையுள்ள சிறு பொழுதில், அதன் பணிசெயல் முறைமை தான் கண்டவற்றுள் எவ்வளவைத் திரையில் கூறவேண்டும் என்பது அத்தகையதொரு வினாவாகும்.

வெள்ளவத்தையில் காலி வீதியை அண்டிய ஒரு தட்டச்சு, பிரதி நிலையத்தை எண்ணிப் பார்க்கலாம். காலையில் கடை திறப்பவர் கணினியை இயக்குகிறார். அது பழைய லினக்ஸ் முறைமையாயின், கறுந்திரையில் வெள்ளெழுத்துகள் வரிவரியாக ஓடும். நினைவகத்தின் அளவு, வட்டின் பெயர், விசைப்பலகை இனங்காணப்பட்டமை என யாவும் அதில் அடங்கும். புதிய முறைமையாயின், ஒரு சின்னமும் சுழலும் வளையமும் மட்டுமே தோன்றும். இரண்டிலும் உள்ளே நிகழ்வது ஏறக்குறைய ஒன்றே. கூறப்படும் அளவுதான் வேறு. விண்ணப்பப் படிவத்துடன் காத்து நிற்கும் வாடிக்கையாளருக்கு அவ்வரிகளால் யாதொரு பயனும் இல்லை.

இவ்வளவை வரையறுக்கும் முறையையும் அறிதல் வேண்டும். 1980களில் பேர்க்லியில் எரிக் ஓல்மன் உருவாக்கிய பதிவேட்டு முறை, செய்திகளை அவற்றின் கடுமைக்கேற்பத் தரம் பிரித்தது. லினக்சின் உட்கருவும் அவ்வழியே 0 முதல் 7 வரை எட்டுத் தரங்களைக் கொண்டுள்ளது. எண் குறையக் கடுமை கூடும். 0 முறைமையே பயனற்றுப்போன நிலை, 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறுந்தகவல், 7 பிழை தேடுவோருக்கான நுண்விவரம். திரைக்கெனக் குறிக்கப்பட்ட எண்ணிலும் குறைந்த எண்ணுடைய செய்திகளே திரையை அடையும். உட்கரு தன்னியல்பில் கொள்ளும் எண் 7. ஆயின், உபுண்டு முதலிய பொதுப் பயன்பாட்டு வெளியீடுகள் ‘அமைதி’ எனப் பொருள்படும் ஒரு சொல்லைத் தொடக்கக் கட்டளையிற் சேர்த்து அதனை 4 ஆக்கிவிடுகின்றன. அவ்வாறாகும்போது பிழையும் அதனிற் கடியனவும் மட்டுமே தோன்றும். முதலில் மறைக்கப்படும் தரம் எச்சரிக்கையே என்பது மனங்கொளத்தக்கது.

அமைதியை விரும்புவோரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வாய்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், பயனில சொல்லாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். பயனற்ற சொல் பெருகுமிடத்துப் பயனுள்ள சொல்லும் கேளாதொழியும். 1979 மார்ச் 28ஆந் திகதி அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபோது, முதற் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கு மேற்பட்ட அபாய அறிவிப்புகள் எழுந்தன. அவற்றுள் முதன்மையானது எது என இயக்குநர்களாற் பிரித்தறிய இயலவில்லை. யாவற்றையும் கூறிய பொறி எதனையும் உணர்த்தவில்லை. எனவே, மிகைப்பட்ட பேச்சும் ஒருவகை மறைப்பாகிவிடலாம்.

எனினும் மறுபக்கம் ஒன்றுண்டு. ஒரு செய்தியின் தரத்தை நிச்சயிப்பவர், நிகழ்ச்சிக்குப் பன்னெடு நாட்களுக்கு முன்னரே அந்நிரலை எழுதியவர். அதன் விளைவை அனுபவிப்பவரோ வேறொருவர். லினக்சிற் பெருவழக்கான கோப்பு முறைமை, பிழைகள் பதிவாகியுள்ள வட்டுப் பகுதியை இணைக்க நேரும்போது, அதனைச் சோதிப்பது நன்று என ஒரு செய்தி விடுக்கும். அச்செய்தி நான்காந் தரத்தது. ஆகவே அமைதி நிலையில் அது திரைக்கு வருவதில்லை. நிரலெழுதியவருக்கு அது எச்சரிக்கைகளுள் ஒன்று. வெள்ளவத்தைக் கடைக்காரருக்கோ, அவ்வட்டில் இருப்பவை பல ஆண்டுக் கணக்குகளும் அயலார் நம்பி ஒப்படைத்த ஆவணங்களும் ஆகும். அவர் அமைதியைத் தேர்ந்தவரல்லர். அமைதி அவருக்காகத் தேரப்பட்டது. இயல்புநிலை என்பது அறிந்த சிலர் அறியாத பலருக்காகச் செய்யும் முடிவு. பெரும்பாலோர் அதனை மாற்றார். மாற்றலாம் என்பதையும் அறியார். அதன் அறப்பொறுப்பு இதனாலேயே மிகுகின்றது.

இவ்வினா கணினித் திரையோடு நின்றுவிடுவதன்று. 2019 ஏப்பிரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம் உள்ளிட்ட தேவாலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். தாக்குதல் பற்றிய தகவல் ஏப்பிரல் 4ஆந் திகதியே இந்தியாவிலிருந்து இலங்கைப் புலனாய்வுத் துறைக்குக் கிட்டியிருந்தது. அது கடிதமாயிற்று, அலுவலகங்கள் சிலவற்றுக்குச் சென்றது, பதிவில் இருந்தது. பூசைக்குச் சென்றோருக்கு மட்டும் எட்டவில்லை. கடமை தவறியமைக்காக, அப்போதைய ஜனாதிபதி உள்ளிட்டோர் நட்டஈடு செலுத்தவேண்டுமென உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12ஆந் திகதி தீர்ப்பளித்தது. பொறியின் செய்தியும் மனித உயிரும் ஒருதட்டில் வைக்கத்தக்கனவல்ல. ஆயினும், பதிவில் இருத்தல் வேறு, உரியவரைச் சென்றடைதல் வேறு என்னும் உண்மை இரண்டுக்கும் பொதுவானது. ‘பதிந்து வைத்தோம்’ என்பது கடமை நிறைவேறியதற்குச் சான்றாகாது.

மொழி பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் இந்நாட்டிற் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. லினக்ஸ் உட்கருவின் செய்திகளோ ஆங்கிலத்திலேயே உள்ளன. விளங்காத மொழியில் நூறு வரி கூறுதலும் ஒன்றுங் கூறாதிருத்தலும் கேட்போனளவில் ஒன்றே. ஆதலால், யாவற்றையும் திரையிற் கொட்டிவிடுவதே நேர்மை என்போரின் வாதமும் முழுமையுடையதன்று.

அவ்வாறாயின் முடிவு யாது? அமைதியை இயல்புநிலையாக்குதல் தவறன்று. ஆனால் அது மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டது. முதலாவது, திரையில் மறைக்கப்பட்டது பதிவிலிருந்து அழிக்கப்படலாகாது. லினக்ஸ் இதனைப் பெரிதும் நிறைவேற்றுகின்றது. திரைக்கு வராத செய்திகளும் உட்கருவின் நினைவேட்டிற் சேர்கின்றன. இரண்டாவது, அத்தகைய பதிவு உண்டென்பதும் அதனை அடையும் வழியும் பயன்படுத்துவோருக்கு வெளிப்படையாகச் சொல்லப்படவேண்டும். மூன்றாவது, கேட்போன் செயற்படவேண்டிய செய்தி எதுவோ, அது அமைதியைக் கலைத்துக்கொண்டு அவனுக்கு விளங்கும் மொழியில் வரவேண்டும். அதன் தரத்தை அளக்கும் கோல், நிரலெழுதியவரின் வசதியன்று. கேளாதுவிடின் கேட்போனுக்கு நேரும் இழப்பே.

கேட்போனின் கவனத்தை வீணாக்காதிருத்தல் பண்பு. அவன் அறியவேண்டியதை அவன் அமைதிக்கெனக் காரணங்காட்டி மறைத்தல் பண்பன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோட்டை ஓர் எண்ணாற் குறித்துவிடப் பொறிக்கு இயலும். அவ்வெண்ணை எங்கே வைப்பது என்பதற்குப் பொறுப்பேற்க வேண்டியவன் மனிதனே.