பெயரோடு ஜாதியும்

உத்தரப் பிரதேச கிராமங்களில் 642 சிறுவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோரின் அந்த ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. தாளில் உள்ள புதிர்ப்பாதைக்கு வழி காண வேண்டும்; அவ்வளவே. ஜாதி சொல்லப்படாதபோது இரு தரப்புச் சிறுவர்களும் ஏறத்தாழச் சமமாகவே விளங்கினர். தந்தை, பாட்டன் பெயரோடு ஜாதியையும் எல்லோர் முன்னும் வாசித்து, ஆமெனத் தலையசைக்கச் செய்தபோது, தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் பின்தங்கினர்.

வாசித்தவர் எவரையும் இகழவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். உள்ளதைச் சொல்வது எங்ஙனம் ஹிம்சையாகும்? சிறுவன் அறியாத செய்தி எதுவும் அன்று அவன் செவியில் விழவில்லைதான். ஆயினும், தான் எதனால் மதிப்பிடப்படுவோம் என்னும் பழைய அச்சம் விழித்துக்கொண்டது போலும்.

உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படிக்கும் ஆசிரியரிடமும் துவேஷம் இல்லை, கருணையே இருக்கக்கூடும். பிள்ளையைத் தனியே அழைத்துச் சொல்லும் சிறு சிரமத்தை அக்கருணை ஏன் மேற்கொள்வதில்லை?