நோக்கம் எவ்வாறு தாங்குகிறது?

தன்னைவிடப் பெரிய நோக்கம் மனிதருக்கு உறுதி தரும் என்பது பலரும் ஒப்புக்கொள்ளும் கருத்து. எவ்வாறு தருகிறது என்பதைப் படிப்படியாக ஆராய வேண்டும். அதற்குத் தக்க சான்று ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் இருக்கிறது.

2024 செப்டம்பர் 9 அன்று அங்குள்ள சாம்சங் ஆலையின் தொழிலாளர்கள் ஆயிரம் பேருக்கு மேல், சிஐடியு தொழிற்சங்கத்தின் துணையோடு வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதிய உயர்வும் கேட்டார்கள். ஆனால் முதன்மைக் கோரிக்கை சங்க அங்கீகாரமே. அக்டோபரில், மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை தருவதாகத் தொழிலாளரில் ஒரு பகுதியினரோடு நிர்வாகம் உடன்பாடு கண்டது. போராடியவர்கள் அதை ஏற்கவில்லை. போராட்டப் பந்தல் பிரிக்கப்பட்டது, கைதுகள் நடந்தன. 37 நாள் நின்றபின், அக்டோபர் 15 அன்று பேச்சுவார்த்தையில் போராட்டம் முடிந்தது.

முதலில், நோக்கம் இழப்பை அளக்கும் கோலை மாற்றுகிறது. பணம் மட்டுமே இலக்கானால் சம்பளமற்ற ஒவ்வொரு நாளும் வெறும் நட்டம். 5,000 ரூபாயோடு கணக்கு தீர்ந்துவிடும். நிர்வாகத்தின் எதிரே சமமாக அமர்ந்து பேசும் உரிமை இலக்கானால், அதே நாள் அந்த உரிமைக்குச் செலுத்திய தவணையாகிறது.

அடுத்து, அது பாரத்தைப் பகிர்கிறது. என் சொந்த இலக்கை நான் தளரும் நாளில் எனக்காகச் சுமப்பவர் எவருமில்லை. பொது இலக்கு தேர்வடம் போன்றது; ஒரு கை ஓய்ந்தாலும் தேர் நகரும்.

மூன்றாவதாக, அது காலத்தை விரிக்கிறது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் பி.பி.வாடியா, திரு.வி.க. முதலியோர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினர். சங்கத்தை எதிர்த்த பின்னி ஆலை நிர்வாகம் வாடியாமீது வழக்குத் தொடுத்தது. உயர்நீதிமன்றம் தடையாணை விதித்தது. சங்கம் நடத்துவோருக்குச் சட்டக் காப்பு இல்லை என்பதை நாடே உணர்ந்தது. தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் குரலெழுப்ப, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. பெரம்பூரில் தோற்றவர்கள் முகமறியாத பின்னோருக்கு ஒரு சட்டத்தை விட்டுச் சென்றார்கள். 2025 ஜனவரி 27 அன்று சாம்சங் தொழிலாளர் சங்கம் அந்தச் சட்டத்தின் கீழ்தான் பதிவானது.

இனி நுட்பமான ஒரு வினா. ஏற்றுமதி, முதலீடு, நாட்டின் வளர்ச்சி ஆகியவையும் பெரிய நோக்கங்களே. அதே வட்டாரத்தின் ஒரகடம் சாலையில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் பேருந்தில் வந்திறங்குவோரிடம் அவற்றின் பெயராலும் பொறுமை கேட்கப்படுகிறது. அவை ஏன் இத்தகைய உறுதியைத் தருவதில்லை? அவற்றை வகுத்த இடத்தில் உழைப்பவருக்கு இருக்கை இல்லை. பெரிது என்பதால் மட்டும் ஒரு நோக்கம் எவரையும் தாங்காது. அதை வகுப்பதில் தமக்கும் பங்குண்டு என்று அறிந்தவரையே தாங்கும். சுங்குவார்சத்திரத் தொழிலாளர்கள் கேட்டது அந்தப் பங்கைத்தான். ஆகவே, அவர்கள் தேடிய பொருளே தேடும் நாட்களில் அவர்களுக்கு வலுவாயிற்று.