தட்டிப் பார்த்தேன், இடி முழங்கிற்று!



இந்த மாதம் ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயரைக் குறித்து எழுதுகிறேன். "இதுல என்ன பிரசங்கம் இருக்கு பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். கர்த்தர் என்னை உடைத்த இடம் அதுதான்.

எங்கள் சபையில் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று உண்டு. அதன் அடியில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் தொங்கும் ஸ்பிரிங்குகள்தான் ரிவெர்ப் என்னும் முழக்கத்தைத் தருகின்றன. வீட்டில் வாசிக்கிற ஆர்கனிலும் பெரிய ஆலயத்தின் முழக்கம் கேட்கவேண்டுமென்று ஹேமண்ட் ஆர்கனில் இந்த முறை வந்தது. 1963-ல் ஃபெண்டர் கம்பெனி அதைத் தன் கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே வைத்தது.

கன்வென்ஷன் முடிந்த ஞாயிறு, கிட்டார் சத்தம் வந்தது, முழக்கம் வரவில்லை. நான் வாசிக்கிற தம்பியை எல்லாருக்கும் முன்பாகக் கூப்பிட்டு, "கீழே போட்டுட்டியாப்பா?" என்றேன். "இல்ல ஐயா" என்றான். நான் நம்பவில்லை. மறுவாரம் அவன் ஆராதனைக்கு வரவில்லை.

அதன்பிறகுதான் சோதிக்க உட்கார்ந்தேன். முதலாவது, ரிவெர்ப்பை நிறுத்துகிற கால் சுவிட்சைக் கழற்றினேன், மாற்றமில்லை. ரிவெர்ப் குமிழைப் பாதி வைத்து, பெட்டியை லேசாய்த் தட்டினேன். இடி முழங்கிற்று! அப்படியானால் ஸ்பிரிங்கிலிருந்து திரும்பி வருகிற வழி நன்றாயிருக்கிறது. சத்தத்தை ஸ்பிரிங்குக்கு அனுப்புகிற வழியில்தான் கோளாறு.

அனுப்புகிற வால்வு 12ஏடி7. சுவிட்சை அணைத்து, ஆறவிட்டு, புதியதை மாட்டினேன். பிரயோஜனமில்லை. இரண்டு கேபிள்களையும் ஒன்றுக்கொன்று மாற்றினேன். அப்போதும் தட்டினால் இடி, வாசித்தால் வறட்சி. ஆக, கேபிளும் நல்லதே. கடைசியில் கேபிள்களைப் பிடுங்கிவிட்டு, தகரப் பெட்டியில் மல்டிமீட்டரை வைத்தேன். வெளியே வருகிற பக்கம் சுமார் 200 ஓம், சரி. உள்ளே போகிற பக்கம் ஏறக்குறைய 1 ஓம் காட்டவேண்டும், முள் அசையவேயில்லை. பெட்டியைத் திறந்தேன். சாக்கெட்டுக்குப் போகிற தலைமுடி போன்ற கம்பி அறுந்திருந்தது!

(தேவபிள்ளைகளே, எச்சரிப்பு: ஆம்ப்ளிஃபயரின் உட்பாகத்தைத் தெரியாமல் திறக்காதேயுங்கள். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கப்பாசிட்டரில் 400 வோல்ட் வரை தங்கியிருக்கலாம், உயிருக்கு ஆபத்து.)

கம்பி ஏன் அறுந்தது? அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கன்வென்ஷனுக்குப் போகையில், ஆட்டோவிலிருந்து பின்னால் தொங்கின கேபிளைப் பிடித்து இழுத்து இறக்கினவன் நானே! அறுத்தது என் கை; குற்றஞ்சாட்டியது என் வாய்.

ஒரு துளி ஈயத்தில் கம்பி ஒட்டிற்று. தம்பியின் மனதை எதைக்கொண்டு ஒட்டுவது? அன்று இரவே அவன் வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னுடையதுப்பா, மன்னிச்சிரு" என்றேன். அவன் அழுதான், நானும் அழுதேன். அடுத்த ஞாயிறு, எல்லாருக்கும் முன்பாக அதை அறிக்கையிட்டேன்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் யார் மௌனமாயிருக்கிறார்கள்? அவர்களைக் குற்றப்படுத்துமுன் மெல்லத் தட்டிப் பாருங்கள். திரும்பி வருகிற அன்பு இன்னும் உயிரோடிருக்கலாம். நீங்கள் அனுப்புகிற வழிதான் அறுந்ததோ? இன்றே சோதித்துப் பாருங்கள்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.