எண்ணிக்கை அறமாகுமா?

மிகப் பெரும்பாலோர்க்கு மிகுந்த நன்மை தருவதே அறம் என்பது மேலைநாட்டுச் சிந்தனையாளர் ஒரு சாராரின் முடிபு. ஆங்கில அறிஞர் பெந்தாமின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இக்கோட்பாடு, பிரபுக்கள் சிலரின் நலனே நாட்டின் நலன் என்றிருந்த காலத்தில் முற்போக்கான பணியையே ஆற்றிற்று. ஆயின், இன்று அதே கோட்பாடு, நலிந்தோர் சிலரைக் கைவிடுவதற்கு நியாயம் கற்பிக்கும் கருவியாகவும் பயன்படுகின்றது. சிலருக்கே வரும் துன்பத்தைப் போக்கப் பலருடைய பொருளைச் செலவிடலாமா? இக்கேள்வியை ஒரு நோயை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்மிடம் தமிழ் கற்ற மாணவி ஒருவர், கொடிகாமத்தை அடுத்த சிற்றூரொன்றில் முன்பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிந்து வந்தார். இருபத்தாறாவது வயதில் ஒரு கண்ணின் பார்வை மங்கியது. வெயிலிற் சைக்கிள் ஓடியதன் விளைவென்று அயலார் கூறினர். சில வாரங்களிற் பார்வை திரும்பியது, எல்லாரும் மறந்துவிட்டனர். அடுத்த ஆண்டு கால்கள் விறைத்தன. சந்தையிலிருந்து வீடு திரும்பும் வழியில் ஒரு காற்செருப்புக் கழன்று விழுந்ததையே அவர் உணரவில்லை. பின்னால் வந்த சிறுவன் எடுத்துக் கொடுத்தபோதுதான் தெரிந்ததாம். நண்பகலில் அடுப்படியில் நின்றால் கண் மங்கும். மாலையிற் குளிர்ந்தபின் தெளியும். நிழலில் இருக்கும்போது நலமாகத் தோன்றியவர், வேலையென்றதும் தளர்ந்தமையால், சோம்பல் என்றனர் சிலர்; செய்வினை என்றனர் வேறு சிலர். கோயில்களுக்கு நேர்த்தி வைத்து, யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்குமாக அலைந்து, ஈராண்டு கழிந்தபின்னரே நோயின் பெயர் தெரிந்தது: மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ். தமிழில் இதனைத் தண்டுவட மரப்பு நோய் என்பர்.

இச்செய்தி ஆசிரியர் ஓய்வறையிற் பேசப்பட்டபோது, நாம் பெரிதும் மதிக்கும் கணித ஆசிரியர் ஒருவர் சொன்னார்: "பாவம் தான் மாஸ்ரர். ஆனால் இலட்சத்திலை ஒரு சிலருக்கு வாற வருத்தம். அதுக்குக் கொட்டுற காசிலை எத்தினை பிள்ளையளுக்குச் சத்துணவு குடுக்கலாம்?"

அவர் இரக்கமற்றவரல்லர். பட்டினியோடு வரும் பிள்ளைகளுக்குத் தம் சாப்பாட்டுப் பொதியைப் பகிர்ந்து கொடுப்பவர். ஆகவே அவர் கூற்றைப் பழித்து ஒதுக்குதல் தகாது. அதற்கு விடை காணுதலே முறை.

முதலில் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றி மயலின் எனப்படும் கொழுப்புறை உண்டு. மின்கம்பியைச் சூழ்ந்த றப்பர் உறைக்கு இதனை ஒருவாறு ஒப்பிடலாம். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே திசைமாறி இவ்வுறையைத் தாக்குவதால், செய்திகள் தடைப்படுகின்றன. தாக்குண்ட இடங்கள் தழும்பாகி இறுகுகின்றன. 1868ஆம் ஆண்டில், பாரிஸ் நகரத்துச் சல்பெத்ரியேர் வைத்தியசாலையிற் பணியாற்றிய சார்க்கோ என்ற மருத்துவர் இதனைத் தனியொரு நோயாக வரையறுத்தார். உடல் வெப்பம் சிறிது உயர்ந்தாலும் உறையிழந்த நரம்பு செய்தியைக் கடத்தத் தவறும்; உடலுழைப்பின்போது இந்நோயாளரின் பார்வை தற்காலிகமாக மங்குவதை 1890இல் ஊத்தோவ் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் பதிவு செய்தார். அடுப்படியில் நின்ற நம் மாணவியின் கண் மங்கியதற்குக் காரணம் செய்வினையன்று. நூற்றாண்டுக்கு முன்பே அறியப்பட்ட உடலியல் உண்மை. பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில், ஆண்களைவிடப் பெண்களை இரு மடங்குக்கு மேலாக, இந்நோய் பற்றுகிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் இதனோடு வாழ்ந்தனர்.

குளிர்நாடுகளில் மிகுதி, நம்போன்ற வெப்பநாடுகளிற் குறைவு என்பது உண்மையே. ஆயினும் குறைவு என்பது இல்லை என்றாகாது. 'எங்கள் நாட்டில் வராத நோய்' என்ற எண்ணமே நோயை இனங்காண்பதைப் பின்தள்ளுகிறது. காந்தப் படப்பிடிப்பாகிய எம்.ஆர்.ஐ., முள்ளந்தண்டு நீர்ப் பரிசோதனை ஆகியவற்றின் துணையோடு நோயைத் துணியும் முறை 2001இல் வகுக்கப்பட்டுப் பன்முறை திருத்தப்பட்டுள்ளது. இதனையொத்த வேறொரு நோய் கண் நரம்பையும் முள்ளந்தண்டு வடத்தையும் தாக்குவது. ஆசிய மக்களிடையே ஒப்பளவிற் கூடுதலாகக் காணப்படுவது. அதனைப் பிரித்தறிய உதவும் குருதிக் குறி 2004இலேதான் கண்டறியப்பட்டது. முன்னைய நோய்க்குக் கொடுக்கப்படும் இன்ரர்பெரோன், பின்னையதை மோசமாக்கவும் கூடும். பெயரைச் சரிவர அறிவதே சிகிச்சையின் முதற்படி என்பது இதனாற் புலனாகும்.

நோயின் மூலத்தைப் பற்றிய அண்மைக்கால ஆய்வொன்று நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் இருபதாண்டுக் குருதிப் பரிசோதனைகளை ஆராய்ந்து 2022இல் வெளியிடப்பட்டது அது. எப்ஸ்ரைன்-பார் என்னும் வைரசுத் தொற்றின் பின்னர் இந்நோய் உண்டாகும் வாய்ப்பு 32 மடங்கு உயர்வதை அது காட்டிற்று. அத்தொற்று இல்லாதவர்களுக்கு நோய் வருவது அரிதினும் அரிது. ஆனால் அந்த வைரசு யாரிடம் உள்ளது? உலகின் வளர்ந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோரிடம் உள்ளது. இக்கட்டுரையை எழுதும் நம்மிடமும், வாசிக்கும் உங்களிடமும் பெரும்பாலும் இருக்கும். மரபும் சூழலும் வேறு சில காரணங்களும் ஒன்றுகூடும் சிலரிடத்து மட்டும் அது நோயாகிறது. எனவே நோயாளர் ஒரு தனி இனத்தாரல்லர். நம் எல்லோர்க்கும் பொதுவான ஓர் ஆபத்தின் சுமையைத் தாங்க நேர்ந்தவர்கள் அவர்கள். சுமை சிலர்மேல் விழுந்தது தற்செயல். ஆபத்துப் பொதுவானபோது அதன் செலவும் பொதுவாதல் நியாயமன்றோ?

இனி, நண்பரின் கணக்குக்கு வருவோம். 'கொட்டுகிற காசு' என்றாரே, அந்தக் காசின் அளவை நிர்ணயித்தது யார்? மழையின்மைபோல இயற்கை தந்த பஞ்சமா அது? மருந்துகளின் வரலாறு வேறுவிதமாகக் கூறுகிறது. நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்தான இன்ரர்பெரோன் அமெரிக்காவில் 1993இல் அனுமதி பெற்றது. அதன்பின் வந்தவை வலிமையிலும் விலையிலும் உயர்ந்தன. இவற்றிடையே ரிற்றக்சிமாப் என்ற மருந்தின் கதை சிந்திக்கத்தக்கது. நிணநீர்ப் புற்றுநோய்க்கென 1997இல் அனுமதிக்கப்பட்ட இம்மருந்து, தண்டுவட மரப்பு நோயிலும் பயன்தரும் என்பதை 2008இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. எனினும் உரிமை பெற்றிருந்தோர் இந்நோய்க்கென அதனை முன்னெடுக்கவில்லை. அதே வழியில் இயங்கும் புதிய மருந்தொன்று, புதிய காப்புரிமையோடும் பன்மடங்கு விலையோடும், 2017இல் சந்தைக்கு வந்தது. சுவீடன் நாட்டு மருத்துவர்களோ பழைய மருந்தையே நோயாளர்க்குக் கொடுத்து வந்தனர். 200 பேரைக் கொண்டு அங்கு நிகழ்ந்து 2022இல் வெளிவந்த ஆய்வில், ஈராண்டுக்குள் நோய் மீண்டும் தாக்கியவர்கள் ரிற்றக்சிமாப் பெற்றோரில் நூற்றுக்கு 3 பேர். வழக்கிலிருந்த மாத்திரையொன்றைப் பெற்றோரில் 16 பேர். ரிற்றக்சிமாப்பை ஒத்த, விலை குறைந்த மருந்து இந்தியாவில் 2007 முதலே உற்பத்தியாகின்றது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் முதன்முறையாக இந்நோய்க்கு இடமளித்தபோது, கிளட்ரிபின், கிளற்றிராமர் ஆகியவற்றோடு ரிற்றக்சிமாப்பும் இடம்பெற்றது.

இவை நோயை முற்றாகத் தீர்ப்பனவல்ல. அழிந்த உறையை மீள வளர்க்கும் மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆயினும் தாக்குதல்களைக் குறைத்து, இளமையிலே முடமாவதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ அவை வல்லன. ஆகவே விலையுயர்ந்த மருந்தா, பிள்ளைகளின் உணவா என்று நம்முன் வைக்கப்படும் தராசு நேர்மையானதன்று. அதன் ஒரு தட்டில் இலாபத்தின் எடை முன்கூட்டியே ஏற்றப்பட்டுள்ளது. அந்த எடையை நீக்காமல் ஏழைப் பிள்ளையையும் நோயாளிப் பெண்ணையும் ஒருவரோடொருவர் மோதவிடுவது அறவிசாரணையன்று.

இந்த உண்மையை நமது நாடு முன்னரே உணர்ந்திருந்தது. பேராசிரியர் சேனக பிபிலேயும், மருத்துவரும் இடதுசாரித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் மருந்துக் கொள்கை பற்றிய அறிக்கையை அளித்தனர். வணிகப் பெயர்களைத் தவிர்த்துப் பொதுப் பெயரால், நாட்டுக்குத் தேவையானவற்றை மொத்தமாகக் குறைந்த விலைக்கு வாங்கும் பொறுப்பை அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் ஏற்றது. மூன்றாம் உலக நாடுகள் பலவற்றுக்கு அது வழிகாட்டியாயிற்று. அத்தியாவசியப் பட்டியல் என்பதும் ஒருவகை எண்ணிக்கையே என்று நண்பர் கூறக்கூடும். மெய்தான். எண்ணுவது தவறென்று நாம் சொல்லவில்லை. பணப்பைகளை எண்ணுகிறோமா, தேவைகளை எண்ணுகிறோமா என்பதே வினா.

எண்ணிக்கையே அறமென்ற வாதம் நமக்குப் புதியதன்று என்பதையும் நண்பர் நினைவு கொள்ளல் வேண்டும். 1956இல் பெரும்பான்மையோரின் மொழியே அரசகரும மொழி எனச் சட்டமியற்றியவர்களும் எண்ணிக்கையையே காட்டினர். நம் கிராமங்களில் மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளை மூடலாம் என்போரும் எண்ணிக்கையையே காட்டுகின்றனர். பதினைந்து பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையா என்று கேட்கும்போது கொதித்தெழும் ஆசிரியர்கள், பதினைந்து நோயாளர்க்காக ஒரு மருந்தா என்று தாமே கேட்பது எவ்வாறு பொருந்தும்? 1945இல் இலவசக் கல்வியும் 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணமற்ற சிகிச்சையும் வந்தபோது, அவை உரிமையாகவே ஏற்கப்பட்டன. 'நோய் பரவலானதாயிருந்தால் மட்டும்' என்ற நிபந்தனையோடு வரும் உரிமை சலுகையேயன்றி உரிமையன்று.

இதனால் எல்லார்க்கும் எல்லாமும் உடனே தரவேண்டும் என்று நாம் வாதிப்பதாகக் கொள்ளலாகாது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் சாதாரண மருந்துகளுக்கே வைத்தியசாலைகள் தவித்ததைக் கண்டவர்கள் நாம். வரையறுத்த பொருளைப் பங்கிடுகையிற் சில சிகிச்சைகள் பின்னிற்க நேரலாம். ஆயின் 'இப்போது இயலவில்லை' என்பது ஒன்று. 'சிலர்தானே' என்பது வேறொன்று. முன்னையது நாளை நிறைவேற்றவேண்டிய கடனை ஒப்புக்கொள்கிறது. பின்னையது கடனையே மறுக்கிறது.

மேலும், இந்நோயாளருக்குத் தேவையான யாவும் விலையுயர்ந்தனவல்ல. மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிசெய்வோர் என மருத்துவத்தை நாற்கூறாகப் பகுத்தார். நாமோ மருந்து என்ற ஒரு கூற்றின் விலையை மட்டும் பார்த்துவிட்டு முழுவதையும் கைவிடுகிறோம். தசை இறுகாதிருக்கப் பயிற்சி தரும் இயன்மருத்துவர், சிறுநீர்த் தொல்லையைக் கூச்சமின்றிச் சொல்லக்கூடிய தாதி, வகுப்பறை வாசலில் ஒரு சாய்தளம், கோடை நண்பகலில் ஒரு மின்விசிறி, களைப்பு வந்தால் அரைமணி நேரம் படுத்தெழ அனுமதி - இவற்றுக்குக் கோடிகள் வேண்டியதில்லை. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் தான் ஏற்கும் 21 வகைகளுள் இந்நோயையும் பெயர் குறித்துச் சேர்த்துள்ளது. இலங்கையிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சமவாயத்தை 2016இல் நாமும் ஏற்றோம். சட்டத்தின் எழுத்து நம் பாடசாலைப் படிக்கட்டுக்கு வந்து சேர்வது ஆசிரியராகிய நம்மையும் பொறுத்தது.

அண்மையில் அம்மாணவியைப் பார்க்கச் சென்றோம். ஊன்றுகோலோடு வாசல்வரை வந்து வரவேற்றார். முன்பள்ளி வேலையை விட நேர்ந்துவிட்டது. மாலையில் அயற்பிள்ளைகள் நால்வருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். புறப்படும்போது அவர் கேட்டது ஒன்றே: "சேர், எங்கடை பக்கத்திலை என்னைப்போலை எத்தினை பேர் இருப்பினம்?"

கணித ஆசிரியரும் எண்ணிக்கையையே கேட்டார். இவரும் எண்ணிக்கையையே கேட்கிறார். அவர் விலக்குவதற்கு எண்ணினார். இவர் துணை தேடி எண்ணுகிறார். அவருக்குச் சொல்ல நம்மிடம் ஓர் எண் இருக்கவில்லை. தென்மராட்சியில் மட்டுமன்றி வடமாகாணம் முழுவதிலும் இந்நோயாளர் யார், எங்குள்ளனர், எந்த மருந்து பெறுகின்றனர், எது கிடைக்காமல் இருக்கின்றனர் என்பதைப் பதிந்து வைத்தல் வேண்டும். அப்பதிவின்படி மலிவான, அத்தியாவசியமென ஏற்கப்பட்ட மருந்துகளேனும் அரசாங்க வைத்தியசாலைகளிற் தடையின்றிக் கிடைத்தல் வேண்டும். ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் இக்கோரிக்கையை எழுப்புவதற்குப் பெருந்தொகையான நோயாளர் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கொடிகாமத்தில் ஒருவர் இருக்கிறார், அது போதும்.